மீன்முள்ளும் துருவும்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் வந்தது. உறையைக் காயவைத்துத்தான் பிரிக்க முடிந்தது, அப்படி ஒரு அடைமழை. கெடிலத்தில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடுகிறது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு. இந்த வெள்ளத்தின் நடுவே உட்கார்ந்து, குடிதண்ணீரில் யுரேனியம் என்று நீ பஞ்சாபின் பட்டிண்டாவிலிருந்து எழுதியதைப் படித்தேன்.

முதலில் ஒன்று. கொதிக்கவைத்துக் குடிக்கிறோம் என்கிறாயே, அதை நிறுத்து. ஆவியாகப் போவது தண்ணீர்தான். யுரேனியம் பாத்திரத்திலேயே தங்கிச் செறிவு கூடும். கதிர்வீச்சை நினைத்து மருமகள் தூங்காமல் கிடக்க வேண்டாம். இந்த அளவில் அது சிறுநீரகத்துக்குக் கேடு செய்யும் கன உலோகம், அவ்வளவே. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். உங்களுடையது அதைத் தாண்டியிருப்பதால் குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. தண்ணீரே போதும். குளிக்கப் பயமில்லை. ஆர்.ஓ. கழித்துவிடும் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு மட்டும் விடாதே.

கனிமப் பொடியால் யுரேனியத்தைப் பிடிக்கலாமாமே, உண்மையா என்று கேட்டிருந்தாய். உண்மைதான். கல்லூரியில் நாம் மனப்பாடம் செய்த பரப்புக்கவர்ச்சிதான் அது; கரைந்திருப்பது திடப்பொருளின் மேற்பரப்பில் வந்து ஒட்டிக்கொள்வது. எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் இரும்பு அதிகம். பிடிக்கும்போது பளிங்குபோல இருக்கும்; ஒரு மணி நேரத்தில் மஞ்சளாகும்; விடிந்து பார்த்தால் வாளியின் அடியில் செம்பழுப்பாக ஒரு சேறு. என் வேட்டிகளின் எமன். ஆனால் அந்தப் புதுத் துருவும் ஒரு கனிமப் பொடிதான்; அதில் ஒரு கிராம் எடுத்து அதன் பரப்பையெல்லாம் விரித்தால் 200 சதுர மீட்டருக்கு மேல் வரும். ஏறக்குறைய ஒரு கிரவுண்டு மனை! அத்தனை இடத்தில் யுரேனியம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் இடம் கொடுத்தால். யுரேனியம் தனியாக வருவதில்லை. இரண்டு ஆக்சிஜனோடு, மின்னூட்டமுள்ள யுரேனைல் அயனியாக வருகிறது. பைகார்பனேட் மிகுந்த நீரில் மூன்று கார்பனேட்டையும், சுண்ணாம்புச் சத்து இருந்தால் இரண்டு கால்சியத்தையும் சேர்த்துக் கட்டிக்கொள்கிறது. அப்போது மின்னூட்டமே இல்லாத மூலக்கூறாகிவிடும். எதைக் கொண்டு துரு அதைப் பிடிப்பது? பஞ்சாபின் நிலத்தடி நீரில் பைகார்பனேட்டுக்குக் குறைவே இல்லை. அதனால்தான் காய்ச்சி வடித்த சுத்த நீரில் யுரேனிய உப்பைக் கரைத்துச் சோதித்த கணக்கைக் காட்டிப் பொடி விற்க வருகிறவர்களை நான் நம்புவதில்லை. உன் போர் தண்ணீரிலேயே செய்து காட்டச் சொல்.

துருவுக்குப் பதில் எலும்புப் பொடி போட்டால் அது வேறு வழியில் வேலை செய்கிறது. எலும்பும் மீன்முள்ளும் கால்சியம் பாஸ்பேட்தானே. மேலே ஒட்டுவதோடு நிற்காமல் பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத கனிமமாகவும் யுரேனியம் படியும். முதுநகர்த் துறைமுகத்தில் குவிந்து நாறும் மீன்கழிவைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

1997-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஃப்ரை கேன்யன் என்ற இடத்தில், பழைய யுரேனியத் தாது ஆலை ஒன்றின் அருகே நிலத்தடி நீர் ஓடும் பாதையில், நீர் ஊடுருவிப் போகும் மூன்று சுவர்களைப் புதைத்தார்கள். ஒன்று எலும்புக் கரி, ஒன்று இரும்பின் ஆக்சைடு, மூன்றாவது வெறும் இரும்பு. நானாக இருந்தால் ஆக்சைடின் மேல் பந்தயம் கட்டித் தோற்றிருப்பேன். ஜெயித்தது இரும்பு. கரைந்திருக்கும் ஆறிணைதிற (ஆறு எலக்ட்ரான் இழந்த) யுரேனியத்துக்கு எலக்ட்ரான் கொடுத்து, கரையாத நாலிணைதிறத்துக்கு இறக்கிவிடுகிறது.

என் மனத்தை அரிப்பது வேறு. பிடித்த பிறகு அந்தப் பொடியை என்ன செய்வீர்கள்? சோடா உப்புக் கரைசலில் கழுவினால் யுரேனியம் மறுபடி கரைந்து வரும். ஆய்வுக்கூடத்தில் அது வசதி. ஊர்க் குட்டையோரம் கொட்டினால் அதே வேலையை பைகார்பனேட் மிகுந்த உங்கள் ஊர்த் தண்ணீரே செய்துவிடும். ஊருக்குப் பொதுவாக வடிகட்டி வைக்கப் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கூட்டத்தில் இதை முதல் கேள்வியாகக் கேள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடு.

பரிசோதனைச் சீட்டின் நகலை அனுப்பு. யுரேனியத்தை மட்டும் எழுதினால் போதாது, பி.எச்., காரத்தன்மை, கால்சியம் மூன்றும் வேண்டும். தை மாதம் வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது. வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன். முள்ளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மணி