கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்க யாரும் விமானம் ஏறி வருவதில்லை

பரிமாற்ற மாணவர்களை வரவழைத்து நிகழ்ச்சி நடத்தும் பல்கலைக்கழகங்களின் சர்வதேச உறவு அலுவலகங்களுக்கு,

வணக்கம். முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு செமஸ்டர் வேறொரு நாட்டில் பரிமாற்ற மாணவனாகப் படித்தேன். திரும்பி வந்த பிறகு இரண்டு செமஸ்டர், எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்த வெளிநாட்டு மாணவர்களுக்கு ‘பட்டி’யாக இருந்தேன். (அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் ஆட்டுப்பட்டிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதனால் இனிமேல் துணை மாணவர் என்றே சொல்கிறேன்.) ஆக, விருந்தாளியாகவும் இருந்திருக்கிறேன், விருந்தாளிக்கு அறைச் சாவி வாங்கிக் கொடுக்க வார்டன் அறை வாசலில் இரண்டு மணி நேரம் நின்றவனாகவும் இருந்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கலாச்சார இரவைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். என் பொறுப்பில் வந்த மாணவன் ஒருவன் கணிதம் படிப்பவன், எண் கோட்பாட்டில் பைத்தியம். வந்த நான்காவது நாள் அவனுக்கு ஒரு மின்னஞ்சல்: ‘உங்கள் நாட்டின் பாரம்பரிய நடனம், ஐந்து நிமிடம், உடையுடன்.’ அவனுக்கு ஆடத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தயக்கம், ஏனென்றால் உதவித்தொகை கொடுத்து அழைத்தவர்கள் கேட்கிறார்கள். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் இரவு பதினொரு மணிக்கு விடுதி வராந்தாவின் கடைசியில் அவனைப் பார்த்தேன். கைப்பேசியை ஒரு ஷூவில் சாய்த்து வைத்து, யூடியூப் வீடியோவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, சொந்த நாட்டு நடனத்தை அயல்நாட்டு வராந்தாவில் கற்றுக்கொண்டிருந்தான். “இது என் பாட்டிக்குக்கூடத் தெரியாது” என்றான். மறுநாள் ஒரே கைத்தட்டல். அதற்கடுத்த நாள் உங்கள் இணையதளத்தில் படம், கீழே ‘தன் நாட்டின் பாரம்பரியத்தைப் பகிர்ந்துகொண்டார்’ என்று ஒரு வரி. அதன் பிறகு இரண்டு வாரம் எங்கே போனாலும் அவனை ஆடிக் காட்டச் சொன்னார்கள். என்ன படிக்கிறாய் என்று எனக்குத் தெரிந்து ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இதை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். அந்த இரவுக்காக நீங்கள் எவ்வளவு அலைந்தீர்கள் என்பதையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆனால் கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இலேயே ஒன்று சொல்லி வைத்திருக்கிறார். வேறு வேறு கூட்டத்து ஆட்களைச் சும்மா ஒரே இடத்தில் உட்கார வைத்துவிட்டால் முன்முடிவுகள் கரைந்துவிடாது. இரண்டு தரப்புக்கும் சமமான இடம் வேண்டும், பொதுவான நோக்கம் வேண்டும், அதற்காகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், அதை நடத்தும் நிறுவனத்தின் ஆதரவு வேண்டும். உங்கள் கலாச்சார இரவை இதில் பொருத்திப் பாருங்கள். ஐந்து பேர் மேடையில், ஐந்நூறு பேர் நாற்காலியில். சம இடம் போயிற்று. பொது நோக்கம் என்ன? நிகழ்ச்சி ஒன்பதரைக்குள் முடிய வேண்டும் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. சேர்ந்து செய்த வேலை, கடைசியில் எடுத்த குழுப் புகைப்படம். நான்கில் உங்கள் ஆதரவு ஒன்றுதான் முழுசாக இருந்தது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 2006இல் பெட்டிக்ரூ, டிராப் என்ற இரு ஆய்வாளர்கள் 500-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், அந்த நான்கு நிபந்தனையும் கச்சிதமாக அமையாவிட்டாலும் வேறு வேறு கூட்டத்தார் ஒருவரோடொருவர் பழகுவது பெரும்பாலும் முன்முடிவுகளைக் குறைக்கத்தான் செய்கிறது என்று தெரிந்தது. நிபந்தனைகளோடு அமைத்தால் இன்னும் நன்றாகக் குறைகிறது. அதனால் உங்கள் இரவு வீண் என்று சொல்ல மாட்டேன். அத்தனை பணத்தையும் உழைப்பையும் அங்கேயே கொட்ட வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

ஏனென்றால் அதே மாணவனுக்கு வேறொன்றும் நடந்தது. புள்ளியியல் பாடத்தில் ஐந்து பேர் கொண்ட குழு வேலை. ஆசிரியர் யாரையும் கேட்காமல் பெயர்களைக் கலக்கிப் போட்டதில் இவனும் இன்னொரு பரிமாற்ற மாணவியும் எங்கள் மூவரோடு வந்து மாட்டிக்கொண்டார்கள். நூலக நகல் இயந்திரத்தின் முன்னால் ஒருவர் சராசரியாக எத்தனை நிமிடம் நிற்கிறார் என்று அளக்க வேண்டும். மூன்று மதியம் கைப்பேசிக் கடிகாரத்தோடு சுவரோரம் நின்றோம். முதல் மதியமே சண்டை. ஒரு பெண் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள், அவள் தோழி வந்து முன்னால் சேர்ந்துகொண்டாள். இது வரிசையை உடைப்பதா, இல்லையா? உடைப்பதுதான் என்றான் இவன், அடித்துச் சொன்னான். இல்லவே இல்லை, அவளுக்காக இவள் இடம் பிடித்து வைத்திருந்தாள் என்றோம் நாங்கள். இடம் பிடித்து வைப்பது என்றால் என்ன, பையை வைத்தால் போதுமா, ஆளே இல்லாமல் ஒரு நோட்டுப் புத்தகம் வரிசையில் நிற்கலாமா, பின்னால் நிற்பவரிடம் ‘வந்துவிடுவாள்’ என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா என்று போய்க்கொண்டே இருந்தது. அந்த மாணவி, எங்கள் பக்கமெல்லாம் வரிசையே கிடையாது, கடைசியாக வந்தவர் யார் என்று கேட்டு ஞாபகம் வைத்துக்கொள்வோம், அவ்வளவுதான் என்றாள். எல்லோரும் வாயைப் பிளந்தோம்.

நட்பு என்றால் எதுவரை, அந்நியரை எவ்வளவு நம்பலாம், விதி பெரிதா மனிதர் பெரிதா, எல்லாமே அந்த நகல் இயந்திரத்தின் முன்னால் வந்து விழுந்தன. யாரும் யாரையும் ‘உங்கள் கலாச்சாரத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்கவில்லை. கடைசியில் தரவுத்தாளில் ‘இடம் பிடித்தவர்’ என்று தனி நெடுவரிசை போட்டோம். இந்த வேலையில் எங்களுக்கெல்லாம் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் அவன்தான். அவனைப் பிறகு யாரும் நடனக்காரன் என்று கூப்பிடவில்லை.

அடுத்தது உங்கள் நாட்காட்டி. முதல் வாரத்தில் வளாகச் சுற்று, ஓரியண்டேஷன், வரவேற்பு, தலைமை உரை, இன்னொரு வரவேற்பு. இரண்டாம் மாதத்தில் ஒன்றுமில்லை. ஏழாவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வேறொரு மாணவன் என் கதவைத் தட்டினான், கையில் காய்ந்த துணிக் குவியல். “இங்கே உட்கார்ந்து மடிக்கட்டுமா, பேச வேண்டியதில்லை” என்றான். முக்கால் மணி நேரம் மடித்தான். ஒரே சட்டையை இரண்டு முறை பிரித்து மடித்ததைப் பார்த்தேன், கேட்கவில்லை. அந்த மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து அவனுக்கு வந்தது இரண்டே மின்னஞ்சல்தான் என்று பிறகு சொன்னான்: நூலக அபராதம் ஒன்று, திருப்தி மதிப்பீட்டுப் படிவம் ஒன்று.

நார்வேக்காரர் லிஸ்கார்ட் 1955இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய்த் திரும்பிய சுமார் 200 நார்வேக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகப் பொருந்திப் போயிருந்தார்கள், நடுவில் இருந்தவர்கள்தான் தடுமாறியிருந்தார்கள். நடுவில் இறங்கி இரண்டு முனையிலும் உயரும் இந்த வளைவு எல்லோருக்கும் பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். சிலருக்கு முதல் வாரமே மோசமான வாரம், சிரித்துக்கொண்டே உங்கள் வரவேற்பில் நிற்பார்கள். எப்படிப் பார்த்தாலும், தனிமை ஓரியண்டேஷனோடு முடிவதில்லை. உங்கள் திட்டம் மட்டும் முடிந்துவிடுகிறது.

விடுதி விஷயமும் அப்படித்தான். பரிமாற்ற மாணவர்கள் எல்லோரையும் ஒரே கட்டடத்தில் போடுவது உங்களுக்கு வசதி, பதிவேடு ஒன்று போதும். ஸ்டீஃபன் போக்னரும் அவருடைய சகாக்களும் 1977இல் ஹவாயில் பார்த்தது என்னவென்றால், வெளிநாட்டு மாணவர்களின் நெருங்கிய நட்பு தங்கள் நாட்டவரோடு, பொழுதுபோக்கு மற்ற வெளிநாட்டவரோடு, உள்ளூர் மாணவர்களிடம் போவது பெரும்பாலும் பாடச் சந்தேகத்துக்கும் அலுவலகக் காரியத்துக்கும். சொந்த மொழியில் புலம்ப ஒரு ஆள் வேண்டும், அதைக் குறை சொல்ல மாட்டேன், நானே வெளியே இருந்தபோது அப்படித்தான் பிழைத்தேன். ஆனால் தனிக் கட்டடம் அந்த மூன்றாவது வட்டத்தை, உள்ளூர் மாணவர்களோடு உள்ள பழக்கத்தை, அப்படியே பூட்டி வைத்துவிடுகிறது. கலந்து போடுங்கள், தகராறு வரும், வரட்டும்.

காகித வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அலுப்பாக இருந்தாலும். 1987இல் 11 நாடுகளின் 3,244 மாணவர்களோடு ஐரோப்பாவின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் தொடங்கியது. இரண்டே வருடத்தில், 1989இல், கிரெடிட் (படித்த அளவுக்குக் கிடைக்கும் புள்ளி) மாற்று முறையைச் சோதனையாகக் கொண்டுவந்தார்கள், ஒரு கல்வியாண்டுக்கு 60 கிரெடிட் என்ற கணக்கு அதில் வந்ததுதான். போன இடத்தில் படித்ததைச் சொந்த இடம் ஏற்காவிட்டால் யாரும் போக மாட்டார்கள் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. எனக்கு நடந்தது வேறு. நான் வெளியே படித்துத் தேறிய ஒரு பாடத்தை, திரும்பி வந்ததும் ‘தலைப்பு ஒத்துப்போகவில்லை’ என்று தள்ளிவிட்டார்கள், மறுபடி எழுதினேன். வழியனுப்பு விழாவில் என்னை ‘தூதர்’ என்று அழைத்த அதே துறைதான். எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று பயணத்துக்கு முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், விழாவே வேண்டாம்.

அப்புறம், வெளிநாடு போகவே முடியாத உங்கள் மாணவர்கள். எந்தப் பல்கலைக்கழகத்திலும் பெரும்பான்மை அவர்கள்தான். ஸ்வீடனில் மால்மோ பல்கலைக்கழகம் 1998இல் புதிதாகத் தொடங்கியபோது அதற்கு வெளிநாட்டுத் தொடர்பு வலையமைப்பே கிடையாது. அங்கே பொறுப்பில் இருந்த பெங்ட் நில்சன், மாணவர்களை வெளியே அனுப்ப முடியாவிட்டால் என்ன, இருக்கும் இடத்திலேயே சர்வதேச அனுபவத்தைக் கொடுப்போம் என்று கிளம்பினார். போகாதவர்களுக்கு, வந்திருக்கும் அந்த ஐந்து பேர்தான் மொத்தப் பரிமாற்றமும். ஆனால் துணை மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் பார்ப்பது ஆங்கிலம் சரளமா, ஏற்கெனவே வெளிநாடு போயிருக்கிறார்களா என்று. என்னைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான். என் பக்கத்து அறைக்காரன் விண்ணப்பித்தான், கிடைக்கவில்லை. துணி மடிக்க வந்தவனோடு பிற்பாடு தினமும் சதுரங்கம் ஆடியது அவன்தான், இரண்டு பேருக்கும் சேர்த்து நூறு ஆங்கிலச் சொல் இருந்தால் அதிகம்.

கலாச்சார இரவை நிறுத்தச் சொல்லவில்லை. ஆட ஆசைப்படுகிறவர்கள் ஆடட்டும், உள்ளூர் மாணவர்களும் கூடவே ஏறட்டும், நாட்டின் பெயரைச் சொல்லாமல் தனக்குத் தெரிந்ததை யார் வேண்டுமானாலும் காட்டட்டும். அவன் பகா எண்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியிருப்பான், அரங்கம் தூங்கியிருக்கலாம், பரவாயில்லை. செலவில் பாதியை இரண்டாம் மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். குழு வேலை உள்ள பாடங்களில் பெயர்களைக் கலக்கிப் போடும்படி ஆசிரியர்களிடம் சொல்லுங்கள், அதற்குச் செலவே இல்லை. பெயரட்டையில் கொடியை எடுத்துவிட்டு, பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.

இதையெல்லாம் பரிசீலிக்க ஒரு குழு அமைப்பீர்கள் என்று தெரியும். அமைத்தால் அதில் ஒரு பரிமாற்ற மாணவரையும் போடுங்கள். கூட்டம் முடிந்ததும் ஆடிக் காட்டச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் துணை மாணவன்