அந்த 120 நாள்

எடிசன், நியூ ஜெர்சி
14-12-2025

அன்புள்ள சண்முகம்,

உன் மெயில் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கைப்பிடி இல்லாமல் மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே ராத்திரி முழுக்கப் பனி. மாப்பிள்ளை வாசலில் மண்வெட்டியோடு போராடுகிறார். கூட மாட உதவப் போனேன், மகள் திட்டி உள்ளே அனுப்பிவிட்டாள். அதனால்தான் இன்று உனக்குப் பதில்.

"உங்க ஊர் அரசு வக்கீலம்மா நியமனமே செல்லாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சாமே, என்னடா கூத்து?" என்று கேட்டிருந்தாய். நீ கேட்ட நாலாவது நாளே அவர் ராஜினாமாவும் செய்துவிட்டார்.

அலினா ஹப்பா, டிரம்ப்பின் சொந்த வக்கீலாக இருந்தவர். நியூ ஜெர்சியின் யு.எஸ். அட்டர்னி பதவிக்கு மார்ச் மாதம் தற்காலிகமாக வந்தார். நம் ஊர் பி.பி. (பப்ளிக் பிராசிக்யூட்டர்) மாதிரி என்று நினைத்துவிடாதே. போலீஸ் கொடுத்த கேஸ் கட்டைப் படித்து வாதாடுகிற வேலை இல்லை இது. யாரை விசாரிப்பது, யார் மேல் வழக்குப் போடுவது என்பதெல்லாம் இவர்கள் கையில். நாடு முழுக்க 93 பேர்தான். அதனால்தான் ஜனாதிபதி பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குள் இடம் காலியாகக் கிடக்கக் கூடாது என்று, மத்திய அரசின் சட்டத்துறைத் தலைவரான அட்டர்னி ஜெனரல் 120 நாளைக்கு ஒருவரை உட்கார வைக்கலாம். அது முடிந்தால் அந்த மாவட்டத்து நீதிபதிகளே ஒருவரை நியமிக்கலாம்.

இங்கே சிக்கல் என்னவென்றால், ஹப்பாவுக்குச் செனட்டில் வழியில்லை. அந்தந்த மாநிலத்து செனட்டர்கள் இரண்டு பேரும் ஒரு நீலச் சீட்டைத் திருப்பி அனுப்பினால்தான் பெயர் நகரும். சட்டம் இல்லை, வெறும் வழக்கம். நியூ ஜெர்சி செனட்டர்கள் அனுப்பவில்லை. ஜூலையில் கெடு முடிகிற நேரத்தில் நீதிபதிகள் அவரை விட்டுவிட்டு, அதே ஆபீசில் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த பெண்மணியை நியமித்தார்கள். அன்றைக்கே அந்த அம்மாவுக்கு வேலை போயிற்று! அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஹப்பாவின் பெயரைச் செனட்டிலிருந்து திரும்பப் பெற்றார்கள், அவர் தற்காலிகப் பதவியை ராஜினாமா செய்தார், உடனே அவரை முதல் உதவியாளராக, அதாவது அந்த அம்மா இருந்த இடத்தில், நியமித்தார்கள். 1998-ல் வந்த காலியிடச் சட்டப்படி, தலைமை இடம் காலியானால் முதல் உதவியாளர் தானாகப் பொறுப்பேற்கலாம். ஆக, முன்வாசல் வழியாக வெளியே போய்க் கொல்லைப்புறமாக அதே நாற்காலிக்கு வந்துவிட்டார்.

ஆகஸ்டில் நீதிபதி பிரான் இது செல்லாது என்றார். டிசம்பர் 1-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. இடம் காலியானபோது யார் முதல் உதவியாளராக இருந்தாரோ அவருக்குத்தான் அந்தத் தானியங்கி உரிமை, பிறகு கொண்டுவந்து வைத்தவருக்கு இல்லை என்றது. மூன்று நீதிபதிகளும் ஒரே குரல், அதில் இரண்டு பேர் டிரம்ப் கட்சிக்காரரான புஷ் நியமித்தவர்கள்.

இதைப் படித்தபோது எனக்கு சோழவந்தான் கொடிக்கால் கேஸ் ஞாபகம் வந்தது. உனக்கும் வந்திருக்கும். நிலம் எடுப்பு நோட்டீசைக் கொண்டுவந்து சீனியர் மேஜையில் விரித்தோமே, கீழே பச்சை மையில் கையெழுத்து, அதற்கடியில் 'தனி தாசில்தார்' என்று ரப்பர் ஸ்டாம்பு, பக்கத்தில் பேனாவால் '(பொறுப்பு)'. "அந்த அடைப்புக்குறிக்குள்ளதான்டா கேசே இருக்கு" என்றார் சீனியர். ராத்திரி பன்னிரண்டு மணிவரை தேடினோம். கடைசியில் எதிர்த்தரப்பு 1981 கோகராஜு ரங்கராஜு தீர்ப்பை எடுத்து நீட்டியது. நீதிபதியின் நியமனமே செல்லாது என்று பின்னால் தெரிந்தாலும் அவர் பதவியில் இருந்தபோது சொன்ன தீர்ப்பு நிற்கும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. தாசில்தார் எம்மாத்திரம்? பொறுப்பில் இருப்பவர் போட்ட நோட்டீஸ் செல்லாது என்ற நம் வாதம் அஞ்சு நிமிஷத்தில் காலி. அன்றிலிருந்து இந்த மாதிரிப் பாயின்டுகளே வெட்டி வேலை என்பது என் கட்சி.

நியூ ஜெர்சியில்கூட ஏறக்குறைய அப்படித்தான் ஆயிற்று. ஹப்பாவை விலக்கினார்கள், ஆனால் அவரை எதிர்த்துப் போன குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழக்குகளைத் தள்ளுபடி செய்யவில்லை. சரி, நம் ரங்கராஜு கடல் தாண்டி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

வர்ஜீனியா என் வாயை அடைத்துவிட்டது. அங்கே எரிக் சீபர்ட் என்பவர் ஜனவரியில் தற்காலிகமாக வந்தார், மே மாதம் அவருடைய 120 நாள் முடிந்ததும் நீதிபதிகள் அவரையே நீட்டித்தார்கள். செப்டம்பரில் அவர் போனதும் லிண்ட்சி ஹாலிகன். இன்ஷூரன்ஸ் வழக்குகள் பார்த்தவர், ஒரு கிரிமினல் வழக்கையும் அரசுக்காக நடத்தியதில்லை. பதவியேற்ற மூன்றாம் நாள் எஃப்.பி.ஐ. முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோமி மீது குற்றப்பத்திரிகை. வழக்குப் போடுவதற்கான ஐந்து வருடக் கெடு அந்த மாதக் கடைசியில் முடிகிறது, அவ்வளவு அவசரம். கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) முன்னால் போனவர் ஹாலிகன் ஒருவர்தான், கையெழுத்தும் அவர் ஒருவருடையதுதான்.

நவம்பர் 24-ல் நீதிபதி கர்ரி கோமி வழக்கையும் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் லெடிஷியா ஜேம்ஸ் வழக்கையும் சேர்த்துத் தள்ளினார். 120 நாள் என்பது ஆளுக்கு இல்லை, காலியிடத்துக்கு. அது மே மாதமே தீர்ந்துவிட்டது, அப்புறம் இரண்டாவது 120 கிடையாது என்றார். உனக்குப் பிடித்த சேதி ஒன்று: இதே கருத்தை 1986-லேயே, அரசின் சட்டத்துறையில் இருந்தபோது, ஒரு குறிப்பில் எழுதி வைத்தவர் சாமுவேல் அலிட்டோ. பிறகு அவரே நியூ ஜெர்சியின் யு.எஸ். அட்டர்னி ஆனார், இன்று சுப்ரீம் கோர்ட்டில் இருக்கிறார்.

ஆக, நியூ ஜெர்சி வழக்குகள் தப்பியதற்குக் காரணம் ஹப்பா இல்லாமலும் அவை நடந்திருக்கும் என்பதுதான். வர்ஜீனியாவில் அந்த ஒரு கையெழுத்தை எடுத்துவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை. ஜேம்ஸ் வழக்கை இந்த மாதம் வேறு ஆட்கள் மூலம் இரண்டு கிராண்ட் ஜூரிகளிடம் கொண்டுபோனார்கள், இரண்டுமே மறுத்துவிட்டன.

நம் ஊரில் அட்டர்னி ஜெனரலுக்கு 76-வது பிரிவு, அட்வகேட் ஜெனரலுக்கு 165. நியமிப்பதும் அனுப்புவதும் அரசே. எந்தச் சபையும் கேள்வி கேட்காது, அதனால் இப்படிச் சுற்றுவழி தேட வேண்டிய அவசியமும் இல்லை. அதனால்தான் உனக்கு இது கூத்தாகத் தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது அப்படிச் சிரிக்க முடியவில்லை.

ஒரு சந்தேகம். சோழவந்தான் நோட்டீஸ் போட்ட அன்று அந்த மனிதருக்குப் பொறுப்பு ஆணை கைக்கு வந்திருந்ததா, இல்லை பிறகு வந்ததா? நாம் அதைப் பார்த்த மாதிரியே ஞாபகமில்லை. கட்டு உன் பரணில் இருந்தால் அந்தத் தேதியை மட்டும் பார்த்துச் சொல். ஆனால் நீ ஏறாதே, பேரனை ஏறச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்