கோர் தெ கார்த் மலையடியிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். "நீ இருக்கிற ஊர்ப் பேரே வாயில் நுழையலையே" என்று போனில் கேட்டீர்கள், அதில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால் எழுதுகிறேன்.

மொரீஷியஸ் தீவில் நான் இருக்கிற ஊர் கத்ர் போர்ன். அப்படியென்றால் பிரெஞ்சில் நான்கு எல்லைக்கல். பாசேன், பால்மா, போ செஜூர், லா லூயிஸ் என்று நான்கு கரும்புத் தோட்டங்களின் எல்லை கூடிய இடமாம். பால்மாவும் லா லூயிஸும் இன்றைக்கும் ஊருக்குள் வட்டாரப் பெயர்களாகப் புழங்குகின்றன. தலைநகர் போர்ட் லூயிஸுக்கு மெட்ரோவிலேயே போய்விடலாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது மலையைப் பற்றி. ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு, இங்கே மேற்குப் பக்கம் நிற்கிற மலையைப் பார்க்காமல் இருக்க முடியுமா? சுமார் 720 மீட்டர், மேலே செங்குத்தான பாறை, பழைய எரிமலை விளிம்பு தேய்ந்து மிஞ்சியது. பெயர் கோர் தெ கார்த், காவல் சாவடி. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் காட்டுக்குள் ஒளிவார்கள், அவர்களை மடக்க இங்கே சிப்பாய்களை நிறுத்தியிருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு அந்தப் பெயரைச் சும்மா சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை அப்பா. உயிருக்குப் பயந்து ஓடினவர்கள் ஒருத்தர் பெயரும் மலைக்கு இல்லை, பிடிக்க வந்தவர்களின் சாவடிதான் நிலைத்திருக்கிறது. அடிமை முறை 1835இல் ஒழிந்தது, அந்த பிப்ரவரி 1 இங்கே அரசு விடுமுறை. அதை ஒட்டித்தான் நம்ம ஆட்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். புதுச்சேரிக் கொத்தனார்களும் தச்சர்களும் அதற்கு நூறு வருஷம் முன்பே வந்துவிட்டார்கள்.

பக்கத்து ஊர் ரோஸ் ஹில். சூரியன் இந்த மலையில் இறங்கும்போது பாறை ரோஜா நிறமாகிறதே, அதனால் வந்த பெயர் என்கிறார்கள். ஒரே மலைதான், ஒருவருக்குச் சாவடி, இன்னொருவருக்கு அந்தி.

நமக்கு அது முருகன் மலை. சரிவில் கோயில் இருக்கிறது, தைப்பூசத்துக்கு நாடு முழுக்க விடுமுறை. வீட்டில் இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல் மட்டுமே பேசுகிற பையன்கள், கன்னத்தில் அலகு குத்தி, காவடியில் எலுமிச்சம்பழம் தொங்க, சுடுகிற தார் ரோட்டில் நடந்து வந்து படியேறுகிறார்கள். காவடியின் இரண்டு பக்கமும் பித்தளைச் செம்பில் பால், மேலே ஏறிச் சேரும்வரை அது திரியக்கூடாது என்பது நம்பிக்கை. எனக்கு முன்னால் போன ஒரு பாட்டி செம்பின் வாயை உள்ளங்கையால் மூடியபடியே கடைசிப் படிவரை ஏறினார், வழியில் யாரோ நீட்டிய தண்ணீரைக்கூட வாங்கவில்லை. அப்புறம் வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பாடு, பலாக்காயும் பூசணியும் அம்மா கைப்பக்குவத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டன.

அடுத்த தைப்பூசத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் இங்கே இருக்க வேண்டும். அப்போது இங்கே கோடை, புயல் மழையும் வரும் காலம், அதனால் பருத்தித் துணியும் குடையும் போதும். அம்மாவின் பாஸ்போர்ட்டை இந்த மாதமே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் அன்பு மகன்