எஞ்சினுக்கு ஒரு கூரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் வெளியூர் போயிருந்தபோது, அங்கே ரயில் நிலைய வாசலில் மேடை கட்டி நிறுத்தியிருந்த நீராவி எஞ்சினை என் பேரன் ஆசையாகத் தடவிப் பார்த்தான். கறுப்பு எனாமல் பெயிண்ட் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து அவன் கையோடு வந்துவிட்டது. அடியில் பூராவும் துரு. ரயில்வேயில் 36 வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடித்தால் எஞ்சின் பத்திரமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. மழைத் தண்ணீர் புகைபோக்கி வழியாக, அதற்கு நேர் கீழே எஞ்சினின் முன்பக்கம் இருக்கும் புகை அறையான ஸ்மோக்பாக்ஸுக்குள் இறங்கும். அங்கே தங்கிய பழைய நிலக்கரிச் சாம்பலோடு சேர்ந்தால் அது அமிலம் மாதிரி இரும்பைத் தின்னும். பாய்லரைப் போர்த்திய தகட்டுக்குப் பின்னால் புகும் ஈரமோ காயவே காயாது. வெளியே பளபளப்பாகத் தெரியும் எஞ்சின் உள்ளே சல்லடையாகிக் கொண்டிருக்கும். பழைய தேக்கு மர ரயில் பெட்டிகளின் நிலைமை இன்னும் மோசம். ஜன்னல் சட்டத்தில் கரையான் ஏறிவிட்டால் அவ்வளவுதான்.

இதற்கு மருந்து கூரைதான். ஹரியானாவில் ரேவாரி நீராவி ஷெட் 1893இல் கட்டியது. அதைப் பழுதுபார்த்து எஞ்சின்களை உள்ளே வைத்துப் பராமரிக்கிறார்கள். ஓடுகிற எஞ்சின்களே அங்கே இருக்கின்றன. நம் பக்கம் கைத்திறனுக்கும் பஞ்சமில்லை. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த இ.ஐ.ஆர். 21 (ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் 21ஆம் எண்) எஞ்சினை, நூறு வருஷத்துக்கு மேல் ஓடாமல் கிடந்ததை, 2010இல் மறுபடி ஓடவிட்டவர்கள் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கு அந்த வேலை தெரிந்தவர்களுக்கெல்லாம் வயதாகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

அருங்காட்சியகம் திறக்க எப்படியாவது பணம் வந்துவிடும். அடுத்த வருஷத்துக் கிரீஸுக்கும், காவலாளி சம்பளத்துக்கும்தான் வராது. அதனால் மத்திய, மாநில அரசுகள் இந்தப் பழைய எஞ்சின்கள், பெட்டிகளின் பராமரிப்புக்கென்று ஆண்டுதோறும் பட்ஜெட்டில் தனித் தொகை ஒதுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கே பணமில்லாதபோது இது தேவையா என்பார்கள். நான் கேட்பது பளிங்கு மாளிகை இல்லை. பஸ் நிலையத்துக்குப் போடுகிற தகரக் கொட்டகை போதும்.

பஸ்ஸுக்கும் இதைச் செய்ய வேண்டும். போக்குவரத்துக் கழகங்களில் இனி ஓட்ட லாயக்கில்லை என்று கழித்த பஸ்கள் ஏலத்தில் பழைய இரும்பாகப் போகின்றன. ஒவ்வொரு மாடலிலும் ஒன்றை மட்டும் ஏலத்திலிருந்து விலக்கிக் கூரைக்குக் கீழ் நிறுத்துங்கள். இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895இல் ஓடியது இந்தச் சென்னையில்தான், 1953இல் நின்றது. டிராம் எப்படி இருக்கும் தாத்தா என்று பேரன் கேட்டபோது என்னால் ஒரு போட்டோவைத்தான் காட்ட முடிந்தது.

கூரை வர நாளாகும் என்றால், நிற்கிற எஞ்சின்களின் புகைபோக்கி வாயையாவது வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மூடச் சொல்லுங்கள். ஒரு தகரமும் நாலு போல்ட்டும், அரை நாள் வேலை. கூப்பிட்டால் என் ஸ்பானரை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர்,
அயனாவரம், சென்னை