டிக்கி டாக்கிக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மாலை, பெர்லினில் ஒரு தேவாலயக் கூடத்தில், மோட்சார்ட்டின் ‘பாஸ்டியனும் பாஸ்டியெனும்’ நாடகத்தை ஒருவழியாக மேடையேற்றிவிட்டோம். 1768இல், தமது 12 வயதில் அவர் எழுதிய ஓரங்க நகைச்சுவை இசை நாடகம். பாடுவோர் மூன்றே பேர். ஒரு மணி நேரம்கூட ஓடாது. சின்னதுதானே என்று இறங்கிய எனக்கு எத்தனை பேருடைய தயவு தேவைப்பட்டது!

முதல் வணக்கம் மேல்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு. காதலன் கைவிட்டான் என்று அழும் இடைச்சிக்கும் அந்தக் காதலனுக்கும் நடுவே புகுந்து, அவளைப் பாராமுகமாக நடிக்கச் சொல்லியும் அவனிடம் பொய் சொல்லியும் சேர்த்துவைக்கும் குறிசொல்லி கோலாஸ்தான் என் வேடம். அவன் மந்திரப் புத்தகத்தைப் பிரித்து “டிக்கி, டாக்கி, ஷூர்ரி, மூர்ரி” என்று முழங்க வேண்டும். இரண்டு இரவு அகராதியைப் புரட்டினேன். ஆசிரியை சிரித்துவிட்டு, அதற்குப் பொருளே இல்லை, நம்பிக்கையோடு உளறுங்கள் என்றார். எங்கள் ஊர்க் கோடாங்கியை நினைத்துக்கொண்டேன். குரல் தானாக வந்தது.

கோலாஸ் நுழையும்போது தந்தி வாத்தியங்கள் பைக்குழல் போல ஒரே சுருதியைப் பிடித்து நிற்கும். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவருக்குக் கிடைக்கும் அளவுக்குத்தான் அதற்கும் பெயர் கிடைக்கும். வயோலா, செல்லோ நண்பர்களே, நான் காலம் தப்பியபோதும் நீங்கள் அசையவில்லை. இரண்டு ஹார்ன் கலைஞர்களில் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட, மதியம் ரயில் ஏறி வந்து ஒத்திகையே இல்லாமல் வாசித்த மாணவருக்கு என்ன சொல்வது!

தமிழில் கதைச்சுருக்கம் எழுதி, தானே நகலெடுத்தும் கொடுத்த அக்காவுக்கு நன்றி. மெஸ்மர் என்ற வியன்னா மருத்துவரின் தோட்டத்தில் இது முதலில் நடந்ததாகச் சொல்வார்கள், அதற்கு ஆவணம் இல்லை. ஆவணமுள்ள முதல் மேடையேற்றம் 1890 அக்டோபர் 2 அன்று இதே பெர்லினில்தான் என்று அவர் அதில் சேர்த்திருந்தார். அதைப் படித்த பிறகு பின்வரிசைச் சிறுவர்கள்கூடக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

முன்னிசை பேத்தோவனின் மூன்றாம் சிம்பொனியைத் திருடியது என்று இடைவேளையில் வாதாடிய பெரியவருக்கும் நன்றி. ஐயா, இது 35 ஆண்டு மூத்தது.

ஆட்டுத்தோல் அங்கியைக் கடன் தந்தவர் மட்டும் தொலைபேசியில் அழையுங்கள். அதைத் துவைக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

அன்புடன்,
கோலாஸ் வேடம் கட்டியவன்