குடிலின் கழிவறையையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலைநடைப் பயணிகளுக்கான தங்குகுடில்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் கழிவறை என்ற சொல் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. கட்டுமானப் பொறியாளராகவும் மலையில் நடப்பவனாகவும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கூரையில் சோலார் பேனல் ஏறிவிட்டாலே குடில் சூழலுக்கு உகந்ததாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். கரடுமுரடான மலையில் ஒரு குடில் நிலைப்பதும் கெடுவதும் உள்ளே சேரும் ஈரத்தையும் அங்கிருந்து வெளியேறும் கழிவையும் பொறுத்தது. வரைபடத்தைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

தூங்குகிற ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக ஓர் இரவில் கால் லிட்டருக்கு மேல் நீரை ஆவியாக விடுகிறார். எட்டுப் பேர் படுத்தால் இரண்டு லிட்டரைத் தாண்டும். நனைந்த சட்டையும் காலுறையும், தேநீர் கொதிக்கும் ஆவியும் தனி. அத்தனையும் குளிர்ந்த சுவரில் பட்டுத் துளியாகிறது. துளி வழிந்து ஆணித் துளைக்குள் இறங்கினால் ஆணி துருப்பிடிக்கும், சுற்றியுள்ள மரம் உளுத்துப்போகும். சுவரோரம் படுத்தவரின் தூக்கப்பை ஒரு பக்கம் மட்டும் தொப்பலாக நனைந்திருப்பதை மலையில் தங்கியவர்கள் பார்த்திருப்பார்கள். குளிர் புகுகிறதே என்று காற்றுத் துவாரத்தில் துணியைத் திணிப்பவர்களும் உண்டு. உள்ளே அடுப்பு எரியும்போது அப்படிச் செய்தால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். ஆகவே தாழ்வாக ஒன்று, கூரையை ஒட்டி ஒன்று என இரண்டு துவாரங்கள் வேண்டும். இரண்டையும் யாரும் அடைக்க முடியாதபடி அமைக்க வேண்டும். கதகதப்புக்கு வழி இருக்கிறது. படுத்திருப்பவர் உடல் 70, 80 வாட் வெப்பம் தருகிறது. எட்டுப் பேர் சேர்ந்தால் அது சிறிய ஹீட்டர் ஒன்றுக்குச் சமம். அறையைச் சிறிதாக்கி, வெப்பக்காப்பைக் கனமாக்கினால் விறகுக்கும் பேட்டரிக்கும் பெரிய வேலை இருக்காது.

ஸ்லோவேனியாவின் ஸ்குதா மலையடியில் 2015இல் வைக்கப்பட்ட குடில் இந்த வழியில் போனது. மூன்று தொகுதிகளாகக் கீழே தயாரித்து, ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று பொருத்தினார்கள். எட்டுப் பேர் வரை தங்கலாம். இம்முறையில் மலைமேல் வெட்டுவதும் கலப்பதும் குறைகிறது, கட்டுமானக் குப்பையும் சேராது. பாறையில் சில இடங்களில் மட்டும் ஊன்றினால், நாளை வேண்டாம் என்றாகும்போது வந்த வழியே கீழே இறக்கவும் முடியும். ஆல்ப்ஸில் நிரந்தரமாக உறைந்திருந்த நிலம் இளகி, குடில்களின் அடித்தளம் ஆட்டம் காணும் இக்காலத்தில் இதுவும் முக்கியம்.

கழிவறைக்கு வருகிறேன். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை என்ற நெடுந்தூர மலைநடைப் பாதையில் பல தங்குமிடங்களில் தரைக்கு மேலே பெட்டி அமைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு கை மரச்சீவல் போட்டு, புழுக்களும் நுண்ணுயிரிகளும் கழிவை மட்க வைக்கும் முறை இருக்கிறது. மின்சாரம் தேவையில்லை, குழியும் தேவையில்லை. ஆனால் உயரம் ஏறஏற, குளிரில் மட்குவது ஏறக்குறைய நின்றுவிடும். அங்கே பீப்பாயில் சேர்த்துக் கீழே கொண்டுவருவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் செலவை முதல் நாளே கணக்கில் எழுதாதவர்கள் குடிலே கட்டக்கூடாது என்பேன். சுவிட்சர்லாந்தில் 2,883 மீட்டர் உயரத்திலுள்ள மான்டே ரோசா குடில் 2009இல் கட்டப்பட்டது. தனக்கு வேண்டிய ஆற்றலில் 90 விழுக்காட்டைத் தானே ஆக்கிக்கொள்ளும் நோக்கோடு வடிவமைத்தார்கள். அருமையான கட்டடம். ஆனால் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள், கழிவுநீர் அமைப்பு திணறியது. அழகே கூட்டத்தை இழுத்துவரும். எத்தனை படுக்கை என்று முடிவு செய்யும்போதே அதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தில் 1965இல் தொடங்கிய மலைக்குடில் சங்கத்தைப் பாருங்கள். கைவிடப்பட்ட ஏறக்குறைய நூறு பழைய வீடுகளைத் தன்னார்வலர்கள் பழுதுபார்த்துத் திறந்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் கழிவறை இல்லை, மண்வெட்டியால் குழி தோண்டி மூட வேண்டியதுதான். ஆள் குறைவாக வரும் இடத்தில் அது போதும். புதிதாக ஒரு செங்கல்கூட ஏற்றாமல் பழைய சுவருக்குக் கூரை போட்டுக் கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த வழி. உங்கள் கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லாதது வருத்தம்.

அதே நாட்டில் 1971 நவம்பரில், கெய்ர்ன்கார்ம் மேட்டுநிலத்தில் ஒரு குழு பனிப்புயலில் சிக்கியது. அவர்கள் போக நினைத்த குடிலை அடைய முடியாமல் வெட்டவெளியில் இரவுகளைக் கழித்ததில் 5 மாணவர்களும் பயிற்சியில் இருந்த ஒரு வழிகாட்டியும் இறந்தார்கள். குடில் இருக்கிறது என்ற நம்பிக்கையே ஆட்களை ஆபத்துக்குள் இழுக்கிறது என்ற வாதம் அப்போது எழுந்து, அங்கிருந்த உயரக் குடில்களில் சில பின்னர் அகற்றப்பட்டன. குடிலை எங்கே வைக்கிறோம், புயலில் அது கண்ணுக்குத் தட்டுப்படுமா, கதவு பனியில் புதையுமா என்பவை உயிர்ப் பிரச்சினைகள். காற்று மோதும் பக்கம் கதவு வைத்தால் திறப்பதே பாடு. எதிர்ப்பக்கம், காற்று மறைவில் வைத்தால் பனி குவிந்து மூடிவிடும். காற்று உரசிப்போகும் பக்கச்சுவர்தான் சரியான இடம்.

ஒரு செய்தி என் மனதை விட்டு அகலவே இல்லை. 1995 ஏப்ரல் 28 அன்று நியூசிலாந்தின் கேவ் கிரீக்கில் மலைவிளிம்பில் இருந்த பார்வை மேடை சரிந்து 13 மாணவர்களும் ஒரு அதிகாரியும் இறந்தார்கள். போல்ட் போட வேண்டிய மூட்டுகளில் ஆணி அடித்திருந்தார்கள். ஏனென்றால், துளையிட ஏற்ற டிரில் வேலையிடத்துக்குக் கொண்டுபோகப்படவில்லை. சாலை இல்லாத இடத்தில் கட்டுபவர்களுக்கு இந்தச் சபலம் எப்போதும் உண்டு: மறந்த கருவிக்காகத் திரும்ப மலையிறங்க மனம் வராது, இருப்பதை வைத்து முடித்துவிடுவார்கள். நல்ல வடிவமைப்பு இதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவு போல்ட், ஒரே ஸ்பேனரில் கழற்றி மாட்டும் மூட்டு, முதுகில் சுமந்து ஏறக்கூடிய பலகை. வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க ஒரு பொறுப்பாளர், அவர் கையெழுத்திட ஒரு பதிவேடு.

அடுத்த முறை இத்தகைய கட்டுரை வெளியிடும்போது, திறப்பு விழாப் படத்தோடு, பத்து ஆண்டு பயன்பாட்டில் இருந்த ஒரு குடிலின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். கழிவறையின் குறுக்குவெட்டு வரைபடம், ஆண்டுக்கு எத்தனை பீப்பாய் கீழே இறங்குகிறது, யார் இறக்குகிறார்கள், அதற்கு யார் பணம் தருகிறார்கள் என்ற விவரமும் வேண்டும். அந்தக் கட்டுரைக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்