பெயர் கேட்காமல் வந்துவிட்டேன்

கோயில் குடும்பத்தார் எல்லோருக்கும் வணக்கம்.

இதய ஆபரேஷன் முடிந்து அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்தது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடுதான் உட்கார்ந்திருந்தீர்கள். சாப்பாடு கொடுத்தனுப்பிய சாட்ஸ்வொர்த் மாமிகள், நடுராத்திரியிலும் கார் எடுத்துக்கொண்டு வந்த அண்ணன்மார், ஆடி வெள்ளிக்கு நாகஸ்வரம் வாசிக்க அப்பாவுக்குப் பதில் ஒருவரைத் தேடிப் பிடித்த செயலாளர் மாமா, எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பெயராகச் சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேன், அப்புறம் அம்மாவிடம் திட்டு வாங்க வேண்டும்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது, உங்களில் யாரும் பார்க்காத ஒருவருக்காக.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள்தான் எங்கள் மெட்ரிக் (பள்ளிக் கடைசி ஆண்டு) வகுப்பை டர்பன் உம்பிலோ ரோட்டு மருத்துவப் பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். நான் வரவில்லை என்றேன். "இங்கே உட்கார்ந்து நீ என்ன செய்யப் போறே?" என்று அம்மாதான் விரட்டினாள். தூங்காத கண், வெறும் வயிறு. எங்களைச் சுற்றிக் காட்டிய மாணவர், வெள்ளையர் அல்லாதவர்களுக்காக 1951-ல் இங்கே வகுப்பு தொடங்கியதையும், தென்னாப்பிரிக்க நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பீகோ 1966-ல் மாணவராக வந்து சேர்ந்ததையும் சொன்னார். ஆறு வருடப் படிப்பு, இரண்டு வருடம் இன்டர்ன்ஷிப், ஒரு வருடம் சமூகப் பணி என்று அவர் அடுக்கியபோது, அவ்வளவும் முடியும்போது அப்பாவுக்கு என்ன வயதாகியிருக்கும் என்று கூட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மாதிரிகள் வைத்திருந்த அறை. ஒரு கண்ணாடிப் புட்டியில் இதயம். மருந்தில் ஊறி நிறம் போய், வெந்த கிழங்கு மாதிரி இருந்தது. கைமுட்டி அளவுதான். இதைத்தானே அப்பாவுக்கு, என்று நினைத்ததும் காது அடைத்துக்கொண்டது.

எப்படி வெளியே வந்தேனோ தெரியாது. வராந்தாவில் தரை துடைத்துக்கொண்டிருந்த கோகோ (ஜூலுப் பாட்டி) என் தோளைப் பிடித்து, "லாலா பான்சி" என்று அப்படியே படுக்க வைத்தார். மஞ்சள் வாளியைக் கவிழ்த்து, என் இரண்டு காலையும் எடுத்து அதன்மேல் வைத்தார். கொஞ்சம் தெளிந்ததும் தன் மதியத்துக்கு வைத்திருந்த மகேவுவை ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தார். புளித்த சோளக் கஞ்சி. நம் ஆடிக் கூழேதான், வெங்காயம் மட்டும் இல்லை.

பிறகு என் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஜூலுவில் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணினார்: குன்யே, குபிலி, குதாத்து, குனே, குஹ்லானு. ஐந்து ஆனதும் மற்றக் கையில் ஒரு விரலை மடக்கி, மறுபடி குன்யே. கால் நிமிடத்தில் நாலு விரல் மடங்கியது. "எண்பது. போதும், எழுந்திரு" என்றார். அவர் நர்ஸ் இல்லை. அங்கே படிக்கிற பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பழகுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். அதற்குள் டீச்சர் கூப்பிட்டுவிட்டார், ஓடிவிட்டேன். பெயர் கேட்கவில்லை. நன்றிகூடச் சொல்லவில்லை.

கிங் எட்வர்ட் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் நம்மில் சிலர் இருக்கிறீர்கள். பக்கத்துக் கட்டடம்தான். மஞ்சள் வாளியோடு அவரைப் பார்த்தால், ஒரு தமிழ்ப் பெண் நன்றி, ஙியபோங்கா சொன்னாள் என்று சொல்லுங்கள். கோயிலில் கூழ் ஊற்றும் அன்று ஒரு தூக்கு நிறைய நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். வெங்காயத்தோடு.

அப்பா இன்னும் கொஞ்ச நாளைக்கு நாகஸ்வரத்தைத் தொடக் கூடாது. நேற்று ராத்திரி அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். குன்யே, குபிலி, ஒரு விரல் மடக்கி மறுபடி குன்யே. மூன்றாவது விரலில், கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "என்னம்மா, ஐந்து ஐந்தா எண்றே, கண்ட நடையா?"